வடிவும் வெகுளியும்

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பு மாணவருக்கு மெய்ப்பாட்டியலைக் கற்பிக்க முற்பட்ட ஒரு நாளில், புகைப்படம் ஒன்றின் பெரிய பிரதியை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றோம். அழுகை என்னும் மெய்ப்பாட்டை நூற்பாவினால் விளக்குவதிலும் ஒரு முகத்தினால் விளக்குதல் எளிதென்பது எமது எண்ணம். கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒரு தாய், அவளது இரு தோள்களிலும் முகம் புதைத்து, எமக்கு முதுகு காட்டி நிற்கும் இரு குழந்தைகள், மடியிலே அழுக்குத் துணிக்குள் உறங்கும் கைக்குழந்தை. கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் வலக்கை. எம்மைப் பாராது எம்மைக் கடந்து எங்கோ செல்லும் பார்வை.

படம் மேசைக்கு மேசை கைமாறியது. பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், இதை வடிவெண்டு சொல்லலாமோ?" என்று கேட்டாள்.

வகுப்பிலே சிலர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'வடிவு' என்பது அழகு; ஏட்டுத் தமிழிலே அது உருவமும் ஆகும். அவள் கேட்டது இரண்டையும் தொட்டு நின்றது. பசித்தவள் ஒருத்தியின் முகத்திலே ஒளி விழுந்திருக்கும் முறையை நாம் மெச்சலாமா? மெச்சினால் அது அவளுக்குச் செய்யும் மரியாதையா, அவமதிப்பா? அன்று அவளுக்கு நாம் கூறிய விடை எமக்கே திருப்தியளிக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் திருத்தி எழுதும் முயற்சி.

இக்கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் எம்மிடையே வழங்குகின்றன. ஒன்று, கலை வேறு அறம் வேறு என்பது. படத்தில் உள்ளவை ஒளியும் நிழலும் கோடும் மட்டுமே. அவற்றை அளந்து மகிழ்வதே ரசிகனின் வேலை. அத்தாய் பசித்திருந்தாளா உண்டிருந்தாளா என்பது கலைக்குப் புறம்பான விசாரணை என்பர் இக்கட்சியார். மற்றையது முற்போக்காளர் சிலரிடையே காணப்படுவது. வறுமையைப் படம்பிடிப்பவன் அதனை அழகாக்கக் கூடாது. அழகு என்பதே உண்டு கொழுத்தவனின் பொழுதுபோக்கு. ஆகவே இத்தகைய படத்தைச் சான்றாகக் காட்டலாமேயன்றி ரசித்தல் தகாது என்பது இவர்தம் வாதம்.

இரண்டாவது கட்சியை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஜேர்மன் மார்க்சியச் சிந்தனையாளர் வோல்ற்றர் பெஞ்சமின் 1934 இல் எழுதிய உரையொன்றில், நவநாகரிகப் புகைப்படக்கலையானது வறுமையையுங்கூட நுகர்பொருளாக்கிவிடும் வல்லமை பெற்றுவிட்டது என்று குற்றஞ்சாட்டினார். உலகம் அழகானது என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1928 இல் ஜேர்மனியிலே வெளியான புகைப்படத் தொகுதி ஒன்று அவரது கண்டனத்துக்கு இலக்காயிற்று. குப்பைமேட்டையும் குடிசையையும் செம்மையாகப் படம்பிடித்து, பார்ப்பவனுக்கு இன்பம் தந்து, அவனைக் கதிரையை விட்டு எழவிடாமற் செய்யும் கலை அது என்பது அவர் கருத்து. இக்குற்றச்சாட்டுக்கு விடை கூறாமல் எந்தப் படத்தையும் நாம் ரசிக்க முடியாது.

முதலில், கறுப்பு வெள்ளை என்பது யாது என்று பார்ப்போம். வெள்ளியின் உப்புக்கள் தோய்ந்த தகட்டின்மீது ஒளி படுகின்றது. ஒளி பட்ட துகள்கள், இரசாயனத் திரவத்திலே கழுவப்படும்போது கரிய வெள்ளி மணிகளாக மாறுகின்றன. ஒளி படாதவை பின்னர் கரைத்து அகற்றப்படுகின்றன. இவ்வாறு பெறப்படும் எதிர்த்தகட்டில் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் இருக்கும். அதனைத் தாளிலே மீளப் பதிக்கும்போது இரண்டும் தத்தம் இடத்தை அடைகின்றன. உலகத்திலிருந்து நிறம் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பன ஒளியின் அளவும், பொருளின் மேற்பரப்பும், உருவத்தின் எல்லைக் கோடும். அதாவது, வடிவு.

நிறம் நீங்கும்போது நிகழ்வது என்ன? சட்டையின் சிவப்போ வானத்தின் நீலமோ கண்ணை இழுத்துச் செல்வதில்லை. நெற்றியின் சுருக்கமும், தைத்துத் தைத்து நைந்த துணியின் இழையும், நகக்கண்ணின் அழுக்கும் ஒரே தகுதியுடன் கண்முன் நிற்கின்றன. கண் ஓடாது தங்குகின்றது. அழகின் முதற் பயன் இதுவே என்பது எமது கருத்து: அது எம்மை நிற்க வைக்கின்றது. தெருவிலே கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகும் ஒரு முகத்தின்முன் அது எம்மைச் சில நிமிடமாவது நிறுத்திவைக்கின்றது. அந்த மாணவி அப்படத்தை நெடுநேரம் பார்த்ததற்குக் காரணம் அதன் வடிவேயாகும். ஆயின், நின்றபின் நாம் செய்வது என்ன என்பதே கேள்வி.

வகுப்புக்கு நாம் கொண்டுசென்ற படத்தை எடுத்தவர் டொறொத்தியா லாங் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1936 மார்ச் மாதத்தில், கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்திலே, பட்டாணி பறிக்கும் கூலியாட்கள் தங்கியிருந்த முகாமில் எடுக்கப்பட்டது. உறைபனியினாற் பயிர் அழிந்தமையால் வேலை இல்லை. வேலை இல்லாமையாற் கூலியும் இல்லை. லாங் அப்போது ஐக்கிய அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிருவாகத்திலே பணியாற்றினார். அன்றைக்குச் சில படங்களையே எடுத்துவிட்டுப் போய்விட்டார். அவற்றுட் சில சன் பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. உடனே அம்முகாமுக்கு அரசு ஏறத்தாழ 20,000 இறாத்தல் உணவை அனுப்பியது. ஒரு புகைப்படம் பசித்தவர்க்குச் சோறு கொடுத்தது என்று நாம் மாணவருக்குப் பெருமையுடன் எடுத்துரைத்தோம்.

அவ்வேளையில் அதே மாணவி இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்: "அவவின்ர பேர் என்ன, சேர்?"

எமக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அப்படத்தைப் போற்றி வந்தோம். ஒளி எத்திசையிலிருந்து விழுகின்றது என்று கூறுவோம்; குழந்தைகளின் முகத்தை மறைத்தமையால் தாயின் முகம் எவ்வாறு தனித்து நிற்கின்றது என்று விளக்குவோம்; எடுத்தவரின் பெயரையும் வாழ்க்கையையும் ஒப்புவிப்போம். படத்தில் இருப்பவளின் பெயரை மட்டும் ஒருநாளும் தேடியதில்லை. அன்று மாலை தேடினோம்.

அவரது பெயர் புளோறன்ஸ் ஓவென்ஸ் தொம்சன். 1903 இல் ஒக்லஹோமாவிலே பிறந்தவர். செரோக்கி என்னும் ஆதிக்குடி வழிவந்தவர். படம் எடுக்கப்பட்ட வேளையில் வயது 32. ஏழு குழந்தைகளின் தாய். அரசின் உணவு முகாமை வந்தடைந்தபோது அவரது குடும்பம் வேலை தேடி வேறிடம் போய்விட்டிருந்தது. குடும்பம் தன் காரின் டயர்களை விற்று உணவு வாங்கியது என்று லாங் எழுதி வைத்த செய்தி உண்மையன்று எனப் பிள்ளைகள் பிற்காலத்தில் மறுத்தனர். படம் உலகெங்கும் பரவியது. நூல்களிலும் நூதனசாலைகளிலும் இடம்பெற்றது. 1998 இல் அமெரிக்க முத்திரையிலும் ஏறியது. அவர் யாரென்பது 42 ஆண்டுகளின் பின், 1978 இல், பத்திரிகையாளர் ஒருவராலேயே வெளிவந்தது. தம்மைப் படம் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்றும், அப்படத்தினால் தமக்கு ஒரு சதமும் கிடைத்ததில்லை என்றும் அவர் மனம் வருந்திக் கூறினார். 1983 இல் நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவச் செலவுக்காகப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கோர வேண்டியதாயிற்று. அப்படத்தை அறிந்த முன்பின் தெரியாதவர்கள் பலர் பணம் அனுப்பினர். அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

லாங்கை வில்லியாக்குவது எமது நோக்கமன்று. அரசின் ஊழியரான அவருக்கும் அப்படத்தின் உரிமைப்பணம் சேரவில்லை. உழைப்பாளரின் துயரைக் காண்பதற்காக வெயிலிலும் புழுதியிலும் அலைந்தவர் அவர். நல்ல மனமும் நல்ல கண்ணும் ஒருங்கே உடைய ஒருவர் எடுத்த படத்திலேயே இவ்வளவு கடன் பாக்கி இருக்குமானால், எஞ்சிய படங்களின் கதை என்ன? அப்பாக்கியில் ஒரு பங்கு எம்முடையது. ஏனெனில் எடுத்தவர் ஒரு தடவைதான் பார்த்தார், நாமோ ஆயிரந் தடவை பார்த்துவிட்டுப் பெயரைக் கேளாதிருந்தோம்.

இவ்விடத்திலே மெய்ப்பாட்டியலுக்கு மீள்வோம். அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். வெகுளி பிறக்கும் நிலைக்களன்களோ உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. குடிகோள் என்பதற்குக் குடிகளை நலிதல் என்று பொருள் கூறுவர். இவ்விரு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை புலனாகும். வறுமை அழுகைக்கு உரியது; வறுமையை உண்டாக்குவது வெகுளிக்கு உரியது. ஒரே நிகழ்ச்சிதான். விளைவை மட்டும் காண்பவன் அழுகின்றான். செய்தவனையும் சேர்த்துக் காண்பவன் சினக்கின்றான்.

கமராவின் குறைபாடு இங்கேதான் இருக்கின்றது. அதற்கு வறுமை தெரியும், குடிகோள் தெரியாது. ஆயுதத் தொழிற்சாலை ஒன்றின் புகைப்படம் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறத்தாழ எதையுமே கூறுவதில்லை என்று பேர்ட்டோல்ட் பிறெக்ற் சொன்னதன் கருத்தும் இதுவே. கூலி விகிதத்தையோ இலாபக் கணக்கையோ ஒப்பந்தத்தையோ எந்த வில்லையினாலும் பிடிக்க முடியாது. 1943 இன் வங்கப் பஞ்சத்தை எண்ணிப் பாருங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி. சி. ஜோஷியுடன் சென்று சுனில் ஜானா என்னும் இளைஞர் எடுத்த படங்கள் கட்சி ஏட்டிலே வெளிவந்து நாட்டை உலுக்கின. எலும்பும் தோலுமான உடல்களை அவை காட்டின. அப்பஞ்சத்தில் மாண்டவர் ஏறத்தாழ முப்பது இலட்சம் எனப்படுகின்றது. அரிசி முற்றாக இல்லாமற் போனமையால் அவர்கள் மாளவில்லை. யுத்தகாலப் பணவீக்கத்தினாலும் பதுக்கலினாலும் குடியேற்ற ஆட்சியின் கொள்கையினாலும் விலை ஏறியபோது, கிராமத்துக் கூலியாளின் கூலி அதனை எட்டமுடியாமற் போயிற்று. இதனை அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். எலும்பைப் படம் காட்டும், விலைவாசியைக் காட்டாது. படத்தைப் பார்த்துப் பஞ்சத்தை மழையின் பிழையென்றோ விதியென்றோ எண்ணி அழுதுவிட்டுப் போகவும் ஒருவனால் முடியும். ஜானாவின் படங்கள் கட்சி ஏட்டிலே ஜோஷியின் எழுத்துக்களுடன் சேர்ந்து வந்தமைக்கு இங்கே முக்கியத்துவம் உண்டு. படம் நிறுத்தியது, எழுத்து காரணம் கூறியது.

இவ்வழியைத் தெளிவாகக் கண்டவர் எம்மைப் போன்ற ஓர் ஆசிரியர் என்பதில் எமக்குப் பெருமிதம் உண்டு. நியூயோர்க்கிலே பாடசாலை ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், 1908 இல் அத்தொழிலை விட்டு, குழந்தைத் தொழிலாளர் பற்றிய தேசியக் குழுவின் முழுநேரப் புகைப்படக்காரரானார். பஞ்சாலைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் புகுவதற்கு அவர் பல வேடங்கள் பூண்டார். குழந்தைகளின் உயரத்தைத் தமது சட்டைப் பொத்தான்களை அடையாளமாகக் கொண்டு அளந்தார். அவ்வாண்டு நவம்பரில் தென் கரோலினாவின் பஞ்சாலை ஒன்றிலே அவர் எடுத்த படமொன்றுண்டு. ஓயாது சுழலும் கதிர்களின் நெடிய வரிசை தூரத்தே குறுகிச் சென்று மறைகின்றது; அதனருகே ஒரு சிறுமி. யன்னல் வழியே ஒளி பாய்கின்றது. கோடுகளின் அமைப்பிலே எந்த ஓவியனும் மயங்குவான். அதன் குறிப்பிலோ அச்சிறுமியின் பெயரும், உயரம் 48 அங்குலம் என்பதும், அரை வருடமாக வேலை செய்கின்றாள் என்பதும் எழுதப்பட்டுள்ளன.

இங்கே அழகும் கணக்கும் ஒன்றையொன்று பகைக்கவில்லை. இயந்திரத்தின் நெடுமையையும் குழந்தையின் குறுமையையும் அருகருகே நிறுத்தும் அக்கோடுகளே முதலாளியத்தின் மீதான குற்றப்பத்திரமாகின்றன. அழகு அங்கே ஒப்பனையாக இல்லை; அது வாதத்தின் ஓர் உறுப்பு. 1916 இல் அமெரிக்காவிலே குழந்தை உழைப்புக்கெதிரான சட்டம் ஒன்று நிறைவேறியது. இரண்டு ஆண்டுகளில் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. மீண்டும் ஒரு சட்டம் 1938 இலேதான் நிலைபெற்றது. படங்கள் தாமாகச் சட்டம் இயற்றிவிடவில்லை. தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புக்களும் முப்பது ஆண்டு போராடிய போராட்டத்திலே அவை ஓர் ஆயுதம். ஹைன் 1940 இல் வறுமையில் மாண்டார் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

எம் நாட்டுக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படக்கலையிலே உலகத் தரத்துக்கு எம் நாடு அளித்த பெருங் கலைஞர் லயனல் வென்ட். 1900 இல் பிறந்து 1944 இல் மறைந்தவர், சட்டம் பயின்றவர், பியானோ வாத்தியத்தில் வல்லவர், 1943 இல் தோன்றிய '43 குழு'வின் தூண். அவரது மறைவின் பின் எதிர்த்தகடுகள் அழிக்கப்பட்டன. 1950 இல் வெளியான தொகுதியும் எஞ்சிய பிரதிகளுமே எமக்குக் கிடைத்தவை. வியர்வை மின்னும் தோளும், கடற்கரை மணலும், தென்னோலையின் நிழலும் அவர் படங்களிலே இசைபோல ஒலிக்கின்றன. அவற்றை நாம் மனமார ரசிக்கின்றோம். அப்படங்களிலே தோன்றும் உழைப்பாளர் பலரின் பெயரை நாம் அறியோம் என்பதையும் உடன் நினைக்கின்றோம்.

பசில் றைற் 1934 இல் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்னும் திரைப்படத்தின் பின்னணிக் குரல் வென்ட்டினுடையது. அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. கறுப்பு வெள்ளையிலே கவிதையாக ஓடும் படம் அது. ஆனாற் கொழுந்துக் கூடை சுமந்த பெண் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை நாட்காட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் அழகுப்பொருளாக நின்றுவிட்டாள்! மலைச்சரிவின் வளைவும் கூடையின் வளைவும் அவள் முதுகின் வளைவும் ஒத்து நிற்பதைக் காண்போர் பலர். அம்முதுகு ஏன் வளைந்தது என்று கேட்போர் எத்தனை பேர்? 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அவளது மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவராக்கப்பட்டபோதும், அவளது படம் மட்டும் நாட்டின் அடையாளமாகத் தொடர்ந்து உலகெங்கும் சென்றது. படத்துக்குப் பிரசாவுரிமை உண்டு, ஆளுக்கு இல்லை. இதனைவிடக் கொடிய ரசனை வேறு யாது?

இறுதியாக ஒன்று. பெயரும் காரணமும் அறிந்தபின் எதையும் பார்க்கலாம் என்ற உரிமை எமக்கு வந்துவிடுகின்றதா? யப்பானிலே மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில், சிசோ என்னும் இரசாயனக் கம்பெனி கடலிலே கலந்த பாதரச நஞ்சு மீன்வழியாக மக்களைத் தாக்கியது. நோய் 1956 இல் உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. 1971 இல் யூஜின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் படக்கலைஞர் தம் மனைவி ஐலீனுடன் அங்கே சென்று மூன்று ஆண்டுகள் தங்கினார். கம்பெனியின் ஆட்களாற் கடுமையாகத் தாக்கப்பட்டுக் கண்பார்வையும் பழுதுற்றார். கருவிலேயே நஞ்சுண்டு உருக்குலைந்த மகளைத் தாயொருத்தி நீராட்டும் படம் அவர் எடுத்தவற்றுள் தலையாயது. இருளிலிருந்து மெல்லிய ஒளி தாயின் முகத்திலே விழுகின்றது. மகளை நோக்கும் அப்பார்வையிலே அன்பைத் தவிர வேறொன்றில்லை. பெற்றோரின் இசைவுடன் எடுக்கப்பட்ட அப்படம் உலகின் மனச்சான்றைத் தொட்டது. 1973 இல் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளியாகக் கண்டது.

மகள் 21 வயதில் மறைந்தாள். ஆண்டுகள் சென்றன. எங்கும் காட்டப்பட்ட அப்படத்திலிருந்து தம் மகளுக்கு ஓய்வு வேண்டுமென்று பெற்றோர் விரும்பினர். 1998 இல் ஐலீன் ஸ்மித் அப்படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையை அவர்களுக்கே கையளித்து, அதனைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார். ஒரு புகைப்படக் கலைஞரின் வாழ்க்கையிலேயே தலைசிறந்த படம் அது. அதனை ஒரு தகப்பனும் தாயும் கேட்டமைக்காக விட்டுக்கொடுத்தமை, எடுத்த செயலிலும் குறைந்த செயலன்று. அப்பெண்ணின் பெயரை நாம் இங்கு எழுதவில்லை. தொம்சனின் பெயரை எழுதினோம். நாற்பது ஆண்டுகள் பெயரற்றிருந்தது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. இப்பெண்ணுக்கோ பெயரும் உருவமும் ஓயாது காட்டப்பட்டமையே பாரமாயிற்று. இரண்டுக்கும் ஒரே விதி இல்லை. படத்தில் உள்ளவர் ஒரு மனிதர், அவருக்கும் ஒரு விருப்பம் உண்டு என்பதே விதி.

ஆகவே, அந்த மாணவிக்கு நாம் இன்று கூறக்கூடிய விடை இது. ஆம், அது வடிவுதான். வடிவு என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அவ்வடிவு இல்லாவிடின் நீ நின்றிருக்கமாட்டாய். ஆனால் வடிவென்று சொல்லிவிட்டு நகர்ந்தாயாயின், பெஞ்சமின் கூறிய குற்றத்துக்கு ஆளாவாய். நின்று, பெயரைக் கேள். கூலியைக் கேள். உறைபனி பயிரை அழித்தபோது தோட்டக்காரனின் குழந்தைகள் பசித்திருக்கவில்லை, பறித்தவளின் குழந்தைகள் மட்டும் ஏன் பசித்திருந்தனர் என்று கேள். அழுகை தானாகவே வெகுளியாக மாறும். அதற்குப் பின்னும் படத்தை மீண்டும் பார்; அதன் ஒளி குறைந்திராது, முன்னிலும் கூர்மையாகத் தெரியும்.

உண்மையில் அவள் இவ்விடையை எமக்கு முன்னரே கண்டுவிட்டாள். முதலில் வடிவைக் கண்டாள். பின்பு பெயரைக் கேட்டாள். ரசனை என்பது இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தது என்பதை ஆசிரியராகிய நாம்தான் பிந்திக் கற்றோம். அப்படம் இப்போதும் எமது வகுப்பறைச் சுவரிலே தொங்குகின்றது. அதன் கீழே, எடுத்தவரின் பெயருக்கு மேலாக, புளோறன்ஸ் ஓவென்ஸ் தொம்சன் என்று எழுதியிருக்கின்றோம்.